பதினோராவது கிலோமீட்டர்

உங்கள் காரை என் வீட்டுச் சுவரைப் பார்த்து நிறுத்தியிருக்கிறீர்கள், விக்னேஷ்வரன் சார். தப்பில்லை, சென்னையில் அப்படித்தான் நிறுத்துவார்கள். எங்கள் பக்கத்தில் யாரும் அப்படி நிறுத்த மாட்டோம். பட்டாசுக் கம்பெனிக்குள் எந்த வண்டி வந்தாலும் ரிவர்ஸ் எடுத்து, மூக்கு கேட்டைப் பார்க்க நிறுத்த வேண்டும். சாவியும் வண்டியிலேயே இருக்க வேண்டும். யாருக்காவது ஒன்று என்றால், ஓட்டத் தெரிந்தவன் ஏறி உட்கார்ந்து அப்படியே கிளம்பிவிடலாம். அது யாருடைய வண்டி என்று அந்த நேரத்தில் எவனும் கேட்க மாட்டான். பழகிப் பழகி, கல்யாண வீட்டுக்குப் போனாலும் அப்படித்தான் நிறுத்துகிறோம்.

டீ ஆறுகிறது, குடியுங்கள். என் மனைவி ஜெனிட்டா போட்டது. சிவகாசியில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்சாக இருக்கிறாள். உங்களுக்கு டீ வைத்தவள் எனக்கு வைக்கவில்லை, கவனித்திருப்பீர்கள். அடுப்படியில் பாத்திரச் சத்தமும் நின்றுவிட்டது. கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். கேட்கட்டும்.

எங்கள் கம்பெனியில் வேலை பார்த்த சண்முகத்தாயை ஏற்றிக்கொண்டு போன என் கார் ஏன் நடுரோட்டில் நின்றது என்று விசாரிக்க உங்கள் கார் கம்பெனி உங்களை அனுப்பியிருக்கிறது. நீங்கள் போலீஸ் இல்லை, இன்ஜினியர். கையில் பதினான்கு கேள்விகள் அச்சடித்த படிவம் வைத்திருக்கிறீர்கள். ஆறாவது கேள்வியை முடித்துவிட்டு நேராக எட்டாவதற்குப் போனீர்கள். எனக்குத் தலைகீழாகவும் வாசிக்க வரும். பட்டாசுக் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் போர்மேனாக இருப்பவனுக்கு அடுத்தவர் கையில் இருக்கிற தாளை வாசிக்கத் தெரியாவிட்டால் பிழைக்க முடியாது. ஏழாவதை எதற்காக மிச்சம் வைத்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். மேஜையில் போனைக் கவிழ்த்து வைத்திருப்பதும் எதற்காக என்று தெரியும். பதிவு செய்துகொள்ளுங்கள். என்னிடம் மறைக்க ஒன்றும் இல்லை.

காரைப் பற்றி முதலில் சொல்கிறேன். வாங்கி இரண்டாவது வருடம் வாட்டர் பம்ப் போனது. எஞ்சின் சூடாகாமல் தண்ணீரைச் சுற்றவைக்கிற சின்னச் சாமான் அது. இரண்டு கையில் அடங்கிவிடும். விருதுநகர் ஷோரூமில் மாற்றினார்கள். ஒன்பதாயிரம் கிலோமீட்டரில் அதுவும் போனது. இந்தத் தடவை எஞ்சினையும் சேர்த்துக் கெடுத்துவிட்டுத்தான் போனது. எழுபத்திரண்டாயிரம் ஆனது. ஜெனிட்டாவின் வளையலை அடகு வைத்தேன். செலவு கூட எனக்குப் பெரிதில்லை. அங்கே இருந்த சர்வீஸ் மேனேஜர் பத்துப் பேருக்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டான்.

"போர்வெல் உப்புத்தண்ணிய ஊத்திருப்பீக. கூலன்ட்டுனு ஒண்ணு இருக்கதே ஒங்க பக்கம் யாருக்கும் தெரிய மாட்டேங்குது. பெறகு பம்ப் சரியில்ல, கம்பெனி சரியில்லன்னு வந்து நிக்கீக."

நான் கூலன்ட்தான் ஊற்றினேன். பில் வைத்திருந்தேன், காட்டினேன். அவன் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு அறையில் எத்தனை பேர் இருக்கலாம், எத்தனை கிலோ வெடிமருந்து இருக்கலாம் என்று கிராம் சுத்தமாகப் பார்க்கிறவன் நான். என்னைப் பார்த்துத் தப்பான தண்ணீரை ஊற்றினாய் என்றான். எனக்கு வந்த ஆத்திரத்தை அன்று அடக்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து உட்கார்ந்து உங்கள் கம்பெனிக்கு முதல் கடிதம் எழுதினேன்.

மொத்தம் இருபத்து மூன்று கடிதம் எழுதினேன். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். நான் இரண்டு வருடம் அழுதேன். ஒவ்வொரு தடவையும் ஒரே பதில் வந்தது. இது தனிப்பட்ட ஒரு சம்பவம், வேறு எங்கும் இப்படிப் புகார் இல்லை என்று. காரியாபட்டியில் ஒருவருக்கு இதே பம்ப் போயிருந்தது, சாத்தூரில் ஒருவருக்கும் போயிருந்தது. அவர்கள் பெயர், போன் நம்பர் எல்லாம் எழுதி அனுப்பினேன். அதற்கும் தனிப்பட்ட சம்பவம் என்றுதான் பதில் வந்தது. போனில் பேசுகிற பெண் மட்டும், உங்கள் புகார் எங்களுக்கு மிகவும் முக்கியம் சார் என்பாள். அவளைக் குறை சொல்லவில்லை. அவளுக்கு அதைச் சொல்லத்தான் சம்பளம்.

இந்த வருடம் மூன்றாவது பம்பும் கசிய ஆரம்பித்தது. நிறுத்திய இடத்தில் தரையில் ரோஸ் கலரில் ஒரு கறை விழும். தினமும் காலையில் ரேடியேட்டரை நிரப்பினால் எவ்வளவு தூரமும் ஓடும். இரண்டு நாள் நிரப்பாமல் விட்டால், எட்டாவது கிலோமீட்டரில் எஞ்சின் சூட்டைக் காட்டுகிற முள் நடுவை விட்டு ஏறும். பதினோராவது கிலோமீட்டரில் சிவப்பைத் தொடும். சிவகாசி ரோட்டில் மூன்று ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து ஓட்டிப் பார்த்து உறுதி செய்தேன். பின்சீட்டில் கேனில் தண்ணீர் வைத்துக்கொண்டுதான் போனேன். இதையும் உங்களுக்கு எழுதினேன். மார்ச் பதினெட்டாம் தேதிக் கடிதம், உங்கள் பைலில் இருக்கும். பதினொன்று என்ற எண்ணுக்குக் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டிருப்பேன்.

அதற்குப் பதிலே இல்லை. கிணற்றில் போட்ட கல்தான்.

இப்போது நான் சொல்வதை நீங்கள் நிதானமாகக் கேட்க வேண்டும். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் அதை வழக்கம் என்று சொல்ல மாட்டார்கள். தாயில்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு கம்பெனியில், காயப்போடுகிற களத்துக்கும் மருந்து அறைக்கும் நடுவில் சுவர் சரிந்து கிடந்தது. அங்கே போர்மேனாக இருந்த தங்கச்சாமி எனக்குத் தெரிந்தவர். ஒரு வருடம் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒருவரும் காதில் வாங்கவில்லை. பிறகு ஒரு மத்தியானம் மூன்று பேர் செத்தார்கள். மறுநாள் அதிகாரிகள் ஜீப் வந்தது. எட்டே நாளில் சுவர் எழும்பியது, அதுவும் கேட்டதைவிட ஒரு அடி உயரமாக. தங்கச்சாமி என்னிடம், "ஒரு உசுரு போனாத்தாம்லே இவங்களுக்குக் கண்ணு தெறக்கும். நாம கத்தி என்ன செய்ய" என்றார். அவர் அழுதுகொண்டுதான் சொன்னார். நான் அதைக் கணக்காக எடுத்துக்கொண்டேன்.

உங்கள் கம்பெனி மட்டும் என்ன, வேறு மண்ணிலா இருக்கிறது? ஒரு உயிர் போனால் ரீகால் அறிவிப்பீர்கள். பழுது எங்களுடையதுதான் என்று ஒப்புக்கொண்டு, அந்த வருடத்து வண்டிகளுக்கெல்லாம் பம்பை இலவசமாக மாற்றிக் கொடுப்பீர்கள். எத்தனை ஆயிரம் குடும்பம் அந்தக் கார்களில் ஏறிப் போகிறது, யோசியுங்கள். ஒன்றுக்கு ஆயிரம். அதனால் மார்ச் கடைசியிலிருந்து ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தினேன்.

பேனாவை நிறுத்திவிட்டீர்கள். பரவாயில்லை, எழுதுங்கள். அதற்கு வருகிறேன்.

என் வீட்டிலிருந்து கம்பெனி நான்கு கிலோமீட்டர். போகவர எனக்குச் சிரமம் இல்லை. காரை வழக்கம்போல் மூக்கு வெளியே பார்க்க நிறுத்தினேன், சாவியை வண்டியில் விட்டேன். வேறு எதையும் நான் தொடவில்லை. விபத்தை நான் உண்டாக்கவில்லை, அதில் தெளிவாக இருங்கள். எங்கள் ஊரில் உண்டாக்க வேண்டிய அவசியம் இல்லை. தீபாவளிச் சரக்கு செய்கிற சீசன் நேரத்தில் காத்திருந்தால் போதும். யார் என்றும் நான் தேர்ந்தெடுக்கவில்லை. அது எனக்கு ஒரு ஆறுதல்.

சண்முகத்தாயாக இருக்கும் என்று நினைக்கவில்லை. பூச்சட்டிக்கு மருந்து அடைக்கிற அறையில் வேலை. முப்பத்தெட்டு வயது, புருஷன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவள் நர்சிங் சேர வேண்டும் என்று ஜெனிட்டாவிடம் வந்து விண்ணப்பம் எழுதி வாங்கிப் போனாள். சண்முகத்தாய்க்கு முழங்கை வரை அலுமினியப் பொடி ஒட்டி வெள்ளியாக மின்னும். வாய் நிற்காது. கம்பெனிக்குள் என் கார் முதல் தடவை கொதித்து நின்றபோது, குடிக்கிற தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள்தான் ஓடி வந்தாள்.

"என்ன சார், ஒங்க காருக்கும் நாக்கு வறண்டு போச்சா? எங்களுக்குத்தான் தண்ணி குடிக்கப் போகக் கூடாதுன்னு சட்டம் பேசுவீக. இத என்ன செய்யப் போறீக, சம்பளத்தப் பிடிப்பீகளா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என்னைக் கேலி பேசுகிற ஒரே ஆள் அவள்தான். எனக்கு அவளைப் பிடிக்கும். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஜூன் பதினான்கு, வெள்ளிக்கிழமை, காலை பத்தே முக்காலுக்கு அவள் அறையில் தீப்பிடித்தது. உராய்வு என்று ரிப்போர்ட்டில் எழுதியிருக்கிறேன். அது உண்மைதான். அறையில் அவள் ஒருத்திதான் இருந்தாள், மற்றவர்கள் வெளியே பெட்டி எடுக்கப் போயிருந்தார்கள். கம்பெனி வேன் சிவகாசிக்கு லோடு கொண்டுபோயிருந்தது. அனுப்பியது நான். வெள்ளிக்கிழமைகளில் அது போவதுதான். ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டோம், வேறொரு கேசுக்குப் போயிருக்கிறது, நாற்பது நிமிடம் ஆகும் என்றார்கள். நின்றது என் கார் மட்டும்தான்.

அவள் நடந்தே வந்தாள். முகமும் கழுத்தும் கையும் வெந்திருந்தது. மூச்சில் ஒரு கரகரப்பு இருந்தது. அவளுடைய தம்பி முனியராஜ் எங்கள் கம்பெனியில்தான் பெட்டி அடுக்குகிறான். அவன்தான் ஓட்ட உட்கார்ந்தான். கதவைத் திறந்து விட்டது நான். அவள் ஏறாமல் நின்றாள்.

"சீட்டெல்லாம் கறையாயிருமே சார்" என்றாள்.

"ஏறும்மா" என்றேன்.

முனியராஜிடம் ஏசி போடாதே என்று மட்டும் சொன்னேன். ஏசி போட்டால் எஞ்சினுக்குச் சுமை கூடும், முள் சீக்கிரம் ஏறும். ஆனால் அவள் எரியுது எரியுது என்று சொல்லவும் அவன் போட்டிருக்கிறான். அக்காவாயிற்றே, மனசு கேட்டிருக்காது. அவன் என் பேச்சைக் கேட்டிருந்தால் இன்னும் கொஞ்ச தூரமாவது ஓடியிருக்கும். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் பையன் ஏற்கனவே நொந்து கிடக்கிறான்.

பதினோரு மணி ஐந்து நிமிடத்துக்குப் போன் வந்தது.

"சார், முள்ளு செவப்புக்குப் போயிருச்சு, பொகையா வருது, வண்டி நின்னுருச்சு. எந்தக் கடையும் இல்ல இங்கன, வெறும் பொட்டல். என்ன செய்யட்டும் சார், அக்கா மூச்சு விடவே செரமப்படுது சார்."

"ரேடியேட்டர் மூடியத் தெறக்காத, மூஞ்சில அடிச்சிரும். அரை மணி நேரம் ஆற விடு" என்றேன். அது சரியான யோசனை. எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வான். போனை வைத்துவிட்டு, மீட்டரில் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று கேட்க மறந்துவிட்டேனே என்று நினைத்தேன். பிறகு உங்கள் ஆட்கள் வந்து காரை இழுத்துப் போனபோது பார்த்தேன். கேட்டிலிருந்து பத்து புள்ளி எட்டு. ஏசி ஓடியதால் இருநூறு மீட்டர் குறைந்திருக்கிறது.

வழியில் வந்த ஒரு தீப்பெட்டி லோடு வேனை மறித்து அவளை ஏற்றினான். ஆஸ்பத்திரிக்குப் போக பன்னிரண்டு ஆகிவிட்டது. அன்று டூட்டியில் இருந்தது ஜெனிட்டாதான். இரவு வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டு சொன்னாள்.

"தீ மேலுக்குத்தாங்க. அது ஆறிரும். உள்ள போன புகையில தொண்டை வீங்கிக்கிட்டே வந்துருக்கு. அரை மணி நேரம் முந்திக் கொண்டாந்திருந்தா டியூப்பப் போட்டு மூச்சு குடுத்திருப்போம். எங்க கையில வரும்போது வழியே இல்ல."

பிறகு என்னைப் பார்த்து, "ஏங்க, கார்ல தண்ணி இருந்துச்சா?" என்றாள்.

"இருந்துச்சு" என்றேன்.

அதன் பிறகு அவள் கேட்கவில்லை. அந்தக் காரைப் பற்றியும் பேசவில்லை, என்னோடும் அதிகம் பேசவில்லை. நர்சுகளுக்குச் சந்தேகம் வந்தால் முகத்தில் காட்ட மாட்டார்கள். டெம்பரேச்சர் பார்க்கிற மாதிரி அவ்வப்போது வந்து பார்த்துவிட்டுப் போவாள்.

இனி உங்கள் ஏழாவது கேள்வி. ரீகால் கடிதம் கிடைத்த தேதி.

உங்கள் பைலில் அடியிலிருந்து தபால் ஒப்புகை அட்டையின் ஓரம் நீட்டிக்கொண்டிருக்கிறது. நீங்கள் உட்கார்ந்ததுமே பார்த்துவிட்டேன். சண்முகத்தாய் செத்த பிறகு கம்பெனி கண் திறந்தது என்று ஊரில் எல்லாரும் பேசுகிறார்கள். நான் மறுத்துச் சொல்லவில்லை. அட்டையில் இருப்பது என் கையெழுத்துதான். ஜூன் பன்னிரண்டு, புதன்கிழமை. அவள் சாவதற்கு இரண்டு நாளைக்கு முன்.

தபால்காரர் போகும்முன்பே உறையைப் பிரித்தேன். நின்ற இடத்திலேயே இரண்டு தடவை வாசித்தேன். பம்ப் பழுதுதான் என்று எழுதியிருந்தீர்கள். இலவசமாக மாற்றித் தருகிறோம், இந்த நம்பருக்குப் போன் செய்யுங்கள் என்று எழுதியிருந்தீர்கள். மாற்றும் வரை தினமும் தண்ணீர் அளவைப் பார்த்து நிரப்புங்கள் என்று எனக்கே பாடம் எடுத்திருந்தீர்கள். எல்லாம் சரி. ஆனால் இரண்டாவது பத்தியில், எங்கள் கம்பெனி நடத்திய சொந்தப் பரிசோதனையில் இந்தக் குறை கண்டுபிடிக்கப்பட்டது என்று ஒரு வரி. சொந்தப் பரிசோதனை. என்னுடைய இருபத்து மூன்று கடிதம், மூன்று ஞாயிற்றுக்கிழமை, சிவப்பு மை, ஒன்றுமே இல்லை. வாடிக்கையாளர் ஒருவர் சொன்னார் என்று பெயர் போடாமலாவது எழுதியிருக்கலாம். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அந்த ஷோரூமுக்குப் போய், அதே மேனேஜர் முன்னால் நின்று, இலவச பம்ப் மாட்டிக் கொடுங்கள் என்று கேட்க வேண்டுமாம். நான் போன் செய்யவில்லை.

முன்னால் சொன்ன ஒன்றைத் திருத்திக்கொள்ளுங்கள். மார்ச்சிலிருந்து தண்ணீர் ஊற்றவில்லை என்றேன், நீங்கள் பேனாவை நிறுத்தினீர்கள். இன்ஜினியர் அல்லவா. மூன்று மாதம் ஊற்றாமல் அந்தக் கார் நான்கு கிலோமீட்டர்கூட ஓடியிருக்காது. ஒரு உயிர் போக வேண்டும் என்பதை மார்ச்சிலிருந்து மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். ஜூன் பன்னிரண்டாம் தேதி காலை வரை, ஒரு நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றினேன். கூலன்ட் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை, வெறும் தண்ணீர்தான். மொண்டு கொடுப்பது சண்முகத்தாய்.

பதிமூன்றாம் தேதி காலையும் குடத்தோடு வந்து நின்றாள்.

"வேண்டாம், புதுப் பம்பு மாட்டியாச்சு" என்றேன்.

"அப்பாடி, ஒங்க காருக்கும் விடிவுகாலம் வந்துருச்சு. எனக்கும் ஒரு கொடம் மிச்சம்" என்று சிரித்துக்கொண்டே திரும்பிப் போனாள்.

வெள்ளிக்கிழமை அவள் ஏறாமல் நின்றபோது அந்தக் குடம் பத்தடி தள்ளி, நிறையத் தண்ணீரோடு இருந்தது. ஊற்ற ஒரு நிமிடம் ஆகியிருக்கும். நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் கதவைச் சாத்தினேன்.

பின்வாசல் கதவு திறந்த சத்தம் உங்களுக்கும் கேட்டிருக்கும். ஜெனிட்டா போகிறாள். முனியராஜ் வீட்டுக்குப் போவாள், இல்லை போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவாள். போகட்டும், நம் வேலையை முடிப்போம். நான் சொன்னதை எல்லாம் அப்படியே எழுதுங்கள், வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தப் பம்ப் சரியில்லை என்று உங்கள் கம்பெனிக்கு முதன்முதலில் சொன்னவன் நான்தான் என்பதை, சண்முகத்தாய் பெயருக்கு மேலே, முதல் வரியாக எழுதுங்கள்.